டி.சி. வாங்கும் வரை

திருச்சுழியிலிருந்து நரிக்குடிக்குப் போகிற பாதையில், கண்மாய்க்குக் கீழே இருக்கிறது அந்த ஊர். பெயரைச் சொல்லவில்லை. இதில் வருகிற இரண்டு குடும்பங்களின் ஆட்களும் இன்னும் அங்கேதான் உழுகிறார்கள்.

1963-இல் மழை சரியாகப் பெய்யவில்லை. கண்மாயில் கிடந்த கொஞ்சத் தண்ணீரை யார் வயலுக்கு முதலில் விடுவது என்று மடையடியில் தகராறு வந்தது. வாய்ச்சண்டையாகத்தான் தொடங்கியது. மொக்கையன் கையில் மண்வெட்டி இருந்தது. எதிரே நின்ற இருளப்பசாமி அவர் தோள்துண்டைப் பிடித்து இழுத்ததும், மண்வெட்டியை ஓங்கி அவர் கழுத்தில் இறக்கிவிட்டார். இருளப்பசாமி வாய்க்காலுக்குள் விழுந்து, எந்தத் தண்ணீருக்காகச் சண்டை போட்டாரோ அதிலேயே செத்துப் போனார். இருவரும் பங்காளிகள். அடுத்தடுத்த வயல்காரர்கள். இரண்டு வீட்டிலும் ஒரே வயதில் ஒவ்வொரு ஆண்பிள்ளை இருந்தான்.

சாட்சிகள் கோர்ட்டில் மாற்றிச் சொன்னதால் மொக்கையன் விடுதலையாகி வந்தார். வந்தவர் அதிக நாள் இருக்கவில்லை. அடுத்த வருஷம் கடலை பிடுங்குகிற சமயம், உச்சி வெயிலில், இருளப்பசாமியின் தம்பி வீரணன் ஆட்களோடு புஞ்சைக்குள் இறங்கினான். கடலை பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் சிதறி ஓடினார்கள். மொக்கையனின் மனைவி மாயக்காள் மட்டும் புருஷனை நோக்கி ஓடினாள். இறங்கி வந்த அரிவாளை வெறுங்கையால் பிடித்தாள். வலது கையில் இரண்டு விரல்கள் போயின. அடுத்த வெட்டு மொக்கையன் தலையில் விழுந்தது. அதற்குமேல் விழுந்ததைப் பார்க்க அங்கே அவளைத் தவிர யாரும் நிற்கவில்லை.

அவர்களுடைய மகன் தவசி அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தான். அவன் வந்து சேர்ந்தபோது அப்பாவை ஓலைப்பாயில் சுருட்டி வைத்திருந்தார்கள். இந்தக் கதை அவனுடையது.

வழக்கு நடந்தபோது மொக்கையனின் தம்பி பால்ச்சாமி, கையில் கட்டோடு கிடந்த மாயக்காளிடம் வந்து உட்கார்ந்தார். வெட்டியது யாரென்று தெரியவில்லை என்று கோர்ட்டில் சொல்லச் சொன்னார்.

"அவனுக ஜெயிலுக்குப் போயிட்டா நாம யார வெட்டுறது மதினி? வெளிய வரட்டும்."

அவள் அப்படியே சொன்னாள். கண்ணெதிரே புருஷனையும் விரல்களையும் எடுத்தவன், அவள் சொன்ன சொல்லால் விடுதலையாகி ஊருக்கு வந்து கிடா வெட்டினான். அந்தக் கறிக்குழம்பின் வாசனை தன் வீட்டுக்குள் வந்த அன்றுதான் தான் செய்தது என்னவென்று மாயக்காளுக்குப் புரிந்தது.

பால்ச்சாமி அவசரப்படவில்லை. தவசி வளரட்டும் என்று காத்திருந்தார். காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும் முன் அவனை வேலியோரம் கூட்டிப் போவார். கையில் அரிவாளைக் கொடுத்துச் சப்பாத்திக்கள்ளியை வெட்டச் சொல்வார். கையை எங்கே பிடிப்பது, எந்தக் காலை முன்னால் வைப்பது என்று காட்டிக்கொடுப்பார். சரியாக வெட்டாவிட்டால் அரிவாளின் பின்பக்கத்தால் முழங்கையில் அடி விழும். இருளப்பசாமியின் மகன் ராஜகுருவும் திருச்சுழிப் பள்ளியில்தான் படித்தான். அவன் வீட்டிலும் இதே பாடம் நடந்திருக்க வேண்டும். இருவரும் ஒருவர் பக்கம் ஒருவர் முதுகைக் காட்டாமல் பதினொன்றாம் வகுப்பு வரைக்கும் வந்து சேர்ந்தார்கள். ஒருமுறை எங்கிருந்தோ வந்த கல் தவசியின் நெற்றியைப் பிளந்தது. இன்னொரு முறை ராஜகுருவை யாரோ கிணற்றடியிலிருந்து உள்ளே தள்ளினார்கள். யார் செய்தது என்று இரண்டு பேரும் வாத்தியாரிடம் சொன்னதில்லை.

1970-இல் தவசி எஸ்.எஸ்.எல்.சி. தேறினான். படித்தது போதும் என்றார் பால்ச்சாமி. மாயக்காள் முதன்முறையாக அவரை எதிர்த்துப் பேசினாள். மகன் காலேஜுக்குப் போகாவிட்டால் தான் கிணற்றில் விழப்போவதாகச் சொன்னாள். அதைச் சொன்ன விதத்தில் அவர் நம்பினார். பிறகு மகனைத் தனியே கூப்பிட்டு அவள் சொன்னது வேறு.

"எடுத்த எடுப்புல தூரமாப் போறேன்னா ஒஞ் சித்தப்பன் விடமாட்டான். பக்கத்துல ஒரு வருஷம் இரு. பெறகு படிப்புச் சாக்கச் சொல்லி அங்கயிருந்தே போயிரு. இங்க திரும்பி வராத. நீ கொல்லவும் வேண்டாம், சாகவும் வேண்டாம்."

அந்த வருஷம் கோடையில் தவசி கல்லூரி தேடி அலைந்ததைப் போல எங்கள் பக்கத்தில் யாரும் அலைந்திருக்க மாட்டார்கள். மற்ற பையன்கள் எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்று பார்த்தார்கள். இவன் எந்தக் கல்லூரியிலிருந்து சுலபமாக வெளியேறலாம் என்று பார்த்தான். விருதுநகர் சரிப்படவில்லை. போகிற பஸ் பாலவனத்தம் வழியாகப் போகும். ராஜகுருவின் தாய்மாமன்கள் பாலவனத்தத்தில் டீக்கடை பெஞ்சிலேயே இருப்பவர்கள். மதுரை என்றால் பால்ச்சாமி ஒத்துக்கொள்ள மாட்டார். அருப்புக்கோட்டையில் அப்போதுதான் கல்லூரி வந்திருந்தது. நெசவாளர்களின் ஊர். இரண்டு குடும்பத்துக்கும் அங்கே சொந்தம் கிடையாது.

அவன் கல்லூரி ஆபீசில் போய் நின்று, இங்கே ஒரு வருஷம் பி.யூ.சி. படித்தால் பட்டப்படிப்புக்கு வேறு ஊரில் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டான். சேருவதற்கு முன்னாலேயே டி.சி. பற்றிக் கேட்கிறாயே என்று கிளார்க் சிரித்தார். ஆனாலும் பதில் சொன்னார். இங்கிருந்து கன்னியாகுமரி வரைக்கும் ஒரே யுனிவர்சிட்டி, அதற்குள் எங்கே போனாலும் தொந்தரவில்லை. கோயம்புத்தூர், திருச்சி என்று போனால் வேறு யுனிவர்சிட்டி, தனியாகத் தகுதிச் சான்று வாங்க வேண்டும், அதற்குள் சேர்க்கை முடிந்தாலும் முடிந்துவிடும் என்றார். கணக்கு, பௌதிகம், ரசாயனம் உள்ள முதல் குரூப்பை எடுத்துக்கொண்டால் எந்தப் பக்கமும் கதவு அடைபடாது என்றும் சொன்னார். தவசி முதல் குரூப்பில் சேர்ந்தான்.

பால்ச்சாமிக்கும் அருப்புக்கோட்டை பிடித்திருந்தது. கூப்பிட்டால் ஒரு பஸ்ஸில் வந்துவிடலாம். டிரங்குப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் அவர் ஒரு சூரிக்கத்தியை வைத்தார். வைத்ததைச் சொல்லிவிட்டே வைத்தார்.

நெசவாளர் தெருவில் சௌடப்பன் என்பவர் வீட்டில் தறி போடாத ஒரு அறை வாடகைக்குக் கிடைத்தது. அவர்கள் தங்களுக்குள் கன்னடம் பேசுவார்கள். அந்தப் பேச்சு புரியாதது தவசிக்கு நிம்மதியாக இருந்தது. யார் யாரை வெட்டினார்கள் என்று அந்தத் தெருவில் யாரும் பேசிக்கொள்ளவில்லை என்றாவது நினைத்துக்கொள்ளலாம். தறிச் சத்தத்தில் அவனுக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். கடைசி பெஞ்சில், சுவரில் முதுகைச் சாய்த்தபடி ராஜகுரு உட்கார்ந்திருந்தான்.

தன்னைக் கொல்லத்தான் அவனை இங்கே சேர்த்திருக்கிறார்கள் என்று தவசி முடிவு செய்தான். ராஜகுருவும் அதையேதான் முடிவு செய்தான். மறுநாளிலிருந்து தவசியின் இடுப்பில் சூரிக்கத்தி இருந்தது. ராஜகுரு சட்டைக்குள் சைக்கிள் செயினைச் சுற்றிக்கொண்டு வந்தான். வாத்தியார் கரும்பலகையில் எழுதுவதை இருவரும் ஒரு கண்ணால் பார்த்தார்கள்.

கல்லூரிக்குப் பின்னால் கருவேலங்காடும் ஒரு வறண்ட ஓடையும் இருந்தன. ஒரு மத்தியானம் ஒண்ணுக்குப் போக ஓடைக்குள் இறங்கிய தவசி, திரும்பும்போது ராஜகுரு எதிரே இறங்கி வருவதைப் பார்த்தான். இருவருமே எதிர்பார்க்கவில்லை. பயந்துபோன இரண்டு பேரில் யார் முந்துவது என்பதுதான் கேள்வி. ராஜகுரு செயினை உருவி வீசினான். அது தவசியின் வாயில் பட்டு முன்பல் உடைந்தது. ரத்தத்தைத் துப்பிக்கொண்டே தவசி பாய்ந்து கத்தியை அவன் தொடையில் இறக்கினான். இருவரும் முள்ளுக்குள் உருண்டார்கள். ராஜகுரு அவன் காதைக் கடித்தான். தவசி அவன் கண்ணில் மண்ணை அப்பி, மேலே ஏறி உட்கார்ந்து, கத்தியைத் தொண்டைக்குழியில் வைத்தான். சித்தப்பா காட்டிக்கொடுத்தபடியே கை சரியான இடத்துக்குப் போயிருந்தது.

ராஜகுரு திமிறவில்லை. மூச்சு வாங்கியபடி சொன்னான்.

"குத்துறதுன்னா குத்து. இல்லன்னா ஒரு வருஷம் விட்டுரு. டி.சி. வாங்குனதும் போயிருவேன். இந்தப் பக்கமே வரமாட்டேன்."

"எங்க போற?"

"எங்கயோ. எங்க ஆளுகளுக்கும் சொல்லல."

"நானும் அதுக்குத்தான் வந்தேன்" என்றான் தவசி.

கத்தியை எடுத்தான். தன் வேட்டியைக் கிழித்து ராஜகுருவின் தொடையைக் கட்டினான். கம்பி வேலியில் விழுந்துவிட்டதாக அவன் ஆஸ்பத்திரியில் சொன்னான். இவன் படியில் விழுந்து பல் போனதாகச் சௌடப்பனிடம் சொன்னான்.

அவர்கள் நண்பர்கள் ஆனார்கள் என்று சொல்ல முடியாது. அதன்பின் பேசிக்கொள்ளவே இல்லை. வகுப்பில் ஒருவன் இந்தக் கோடியிலும் மற்றவன் அந்தக் கோடியிலும் இருந்தார்கள். ஒருவன் ஊருக்குப் போகிற வாரம் மற்றவன் போகவில்லை. கத்தி பெட்டிக்குள் போனது. செயினும் காணாமல் போனது. தவசி அதன்பிறகுதான் உண்மையில் படிக்க ஆரம்பித்தான். ரசாயனம் அவனுக்கு வந்தது. தன்னைச் சுற்றி யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமல் ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் கவனம் வைக்க முடிகிறது என்பதே அவனுக்குப் புதுசாக இருந்தது.

பொங்கல் கழிந்து சில நாளில் பால்ச்சாமிக்குச் செய்தி போய்விட்டது. மாட்டுச் சந்தைக்கு வந்த யாரோ சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் காலையிலேயே அவர் அருப்புக்கோட்டைக்கு வந்து இறங்கினார். தெரு நீளத்துக்கும் தறிக்கான பாவு நூலை விரித்துக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். சௌடப்பனும் அவர் மனைவி வெங்கடம்மாளும் இழைகளைப் பிரித்துவிட்டுக்கொண்டு நின்றார்கள். பால்ச்சாமி நேரே அறைக்குள் போய்த் தவசியைத் தலைமயிரைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார்.

"ஒங்கப்பன வெட்டுன வீட்டுப் பய ஒங்கூடவா படிக்கிறான்? இத்தன மாசமா?"

செருப்பால் முகத்தில் அடித்தார். கீழே விழுந்தவனை விலாவில் மிதித்தார். தவசி உருண்டு பாவின் மேல் விழுந்தான். இழைகள் படபடவென்று அறுந்தன. வெங்கடம்மாள் கஞ்சிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அவர் மேல் பாய்ந்தாள். சௌடப்பன் அவரை நெஞ்சில் கைவைத்துத் தள்ளி, அடிப்பதானால் உன் ஊரில் வைத்து அடி, எங்கள் பிழைப்பை அறுக்காதே என்றார். தெருவே கூடிவிட்டது. பால்ச்சாமி பின்வாங்கினார். போகும்போது தவசியைத் தெருமுனைக்குத் தள்ளிக்கொண்டு போய்ச் சத்தமில்லாமல் பேசினார். பரீட்சை முடிகிற அன்று ராஜகுரு எப்படியும் ஊருக்கு வருவான். எந்தப் பஸ் என்று முன்கூட்டியே ஆள் அனுப்பிச் சொன்னால் போதும்.

"நீ வெட்ட வேண்டாம். ஒனக்கு அதுக்குத் தெம்பு இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. சொல்லி மட்டும் விடு."

உதட்டில் ரத்தம் வழியத் தவசி தலையை ஆட்டினான். அவன் ஆள் அனுப்பவில்லை. ஆனால் பால்ச்சாமி அவனை மட்டும் நம்பி இருக்கவில்லை.

ஏப்ரலில் கடைசிப் பரீட்சை முடிந்து வெளியே வந்ததும் தவசி ராஜகுருவின் பக்கத்தில் போய் நின்றான். ஓடைச் சண்டைக்குப் பிறகு அன்றுதான் பேசினான். இன்றைக்கு ஊர்ப் பஸ்ஸில் ஏறாதே, பாலவனத்தத்துக்குப் போய் மாமன் வீட்டில் இரு என்று சொன்னான். ராஜகுரு அவன் முகத்தையே பார்த்தான்.

"பாலவனத்தம் ரோட்டுல யாரு நிக்கிறா?" என்று கேட்டான்.

நம்பவில்லை. நம்புகிற மாதிரி அவனை யாரும் வளர்க்கவில்லை. கூட்டத்தோடு கூட்டமாகப் போய் நரிக்குடிப் பஸ்ஸில் முன்பக்கம் ஏறினான். தவசி பின்பக்கம் ஏறினான்.

திருச்சுழி தாண்டி, ஊருக்குப் பாதை பிரிகிற விலக்குக்கு முன்னால் ஒரு சின்னப் பாலம் உண்டு. பாலத்தில் ஆட்கள் நிற்பதைத் தவசி தூரத்திலேயே பார்த்துவிட்டான். கண்டக்டரிடம் போய், நிறுத்த வேண்டாம், நேரே நரிக்குடிக்கு விடச் சொல்லுங்கள் என்று கெஞ்சினான். அவன் குடித்திருக்கிறான் என்று அவர் நினைத்தார். பால்ச்சாமி பாதையின் நடுவில் வந்து நின்றார். பஸ் நின்றது.

ராஜகுரு ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு இறங்கி எதிர்ப்பக்கம் கண்மாய்க்கரையை நோக்கி ஓடினான். தொடையில் வாங்கிய குத்து ஆறியிருந்தாலும் ஓட்டத்தில் கால் இழுத்தது. பால்ச்சாமியோடு வந்திருந்த இருவரும் குறுக்கே மறித்தார்கள். பால்ச்சாமியின் முதல் வெட்டு அவன் தோளில் விழுந்தது. இரண்டாவது வெட்டுக்குக் கை ஓங்கியபோது தவசி பின்னாலிருந்து அவரைக் கட்டிப் பிடித்தான். அவர் அவனை உதறினார். அவன் மறுபடியும் குறுக்கே விழுந்தான். அரிவாள் அவனுடைய இடது முன்கையில் எலும்பு வரைக்கும் இறங்கியது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நேரத்தில் மற்றதை முடித்துவிட்டார்கள். ராஜகுரு முகத்தைக் கரம்பை மண்ணில் புதைத்தபடி கிடந்தான். அவன் கால் மட்டும் கொஞ்ச நேரம் மண்ணை உதைத்துக்கொண்டிருந்தது.

பஸ்ஸில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு விசில் கேட்டது. பஸ் கிளம்பிப் போய்விட்டது.

பால்ச்சாமி அரிவாளைப் புல்லில் துடைத்தார். தவசியின் கையைத் தன் துண்டால் இறுக்கிக் கட்டிவிட்டார். குறுக்கே வந்தது அவன் தப்பு, தன் தப்பில்லை என்றார். போலீஸ் கேட்டால் எதுவும் பார்க்கவில்லை என்று சொல்லச் சொன்னார். மொக்கையன் வீட்டில் அப்படிச் சொல்வது வழக்கம்தானே என்ற தோரணையில் அதைச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் இன்ஸ்பெக்டர் வந்தபோது மாயக்காள் கட்டிலருகே நின்றாள். மகனிடம் அவள் சொன்னது கொஞ்சம்தான்.

"பாத்தத பாத்தேன்னு சொல்லு. நான் சொல்லாம விட்டதுதான் இது."

தவசி மூன்று பேரின் பெயரையும் சொன்னான். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு வலது கையால் கையெழுத்துப் போட்டான்.

அந்த வாரமே மாயக்காள் வீட்டு வைக்கோல்படப்பு எரிந்தது. உழவு மாடுகள் இரண்டின் பின்னங்கால் நரம்பையும் யாரோ அறுத்துவிட்டிருந்தார்கள். அவை எழுந்திருக்க முடியாமல் தொழுவத்தில் கிடந்து கத்தின. மாயக்காள் பக்கத்து ஊரிலிருந்து ஆள் கூட்டி வந்து அவற்றைக் கொல்லச் சொன்னாள். பிறகு வீட்டைப் பூட்டிக்கொண்டு அருப்புக்கோட்டைக்கு வந்துவிட்டாள். பாவை அறுத்த வீட்டுப் பெண் என்று சௌடப்பன் முகம் சுளிக்கவில்லை. வெங்கடம்மாள் அவளுக்கு நூல் சுற்றக் கற்றுக்கொடுத்தாள்.

ஜூனில் தவசி கட்டுப்போட்ட கையோடு போய் டி.சி. வாங்கினான். இப்போது மறுபடியும் கல்லூரி தேட வேண்டும், மறுபடியும் அதே கணக்கு. வழக்கு செஷன்ஸ் கோர்ட்டுக்கு வர ஒரு வருஷம் ஆகும் என்றார்கள். அதுவரை சம்மன் கிடைக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். சாட்சி சொன்ன பிறகு மறைய வேண்டும். மதுரையில் பி.எஸ்ஸி. ரசாயனம் சேர்வது, பிறகு இரண்டாம் வருஷத்துக்கு நாகர்கோவில் போவது என்று முடிவு செய்தான். அதே யுனிவர்சிட்டி. ஆனால் துணைப்பாடங்கள் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் படித்த வருஷம் வீணாகும். மதுரையில் நல்ல பெயருள்ள ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தும், அங்கே துணைப்பாடம் ஒத்துவரவில்லை என்று விட்டுவிட்டான். சாதாரணமான இன்னொரு கல்லூரியில் சேர்ந்தான். நாகர்கோவிலுக்கும் ஒருமுறை போய், நடுவில் யாராவது படிப்பை விட்டுப் போனால் அந்த இடத்துக்கு வெளியாளை எடுப்பார்களா என்று கேட்டுவிட்டு வந்தான்.

வழக்கு 1972 தொடக்கத்தில் நடந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் யாரும் எதையும் பார்க்கவில்லை. கண்டக்டர் முகம் நினைவில்லை என்றார். தவசி ஒருவன்தான் சாட்சி. பால்ச்சாமியின் வக்கீல் பிரேதப் பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார். செத்தவனின் தொடையில் பழைய கத்திக்குத்துத் தழும்பு இருக்கிறது, அதைப் பற்றித் தெரியுமா என்று கேட்டார்.

"தெரியும். நான்தான் குத்துனேன்" என்றான் தவசி.

கோர்ட்டில் சலசலப்பு எழுந்தது. வக்கீல் எதிர்பார்த்தது மறுப்பை. சொந்த விரோதத்தில் கொன்றது நீதானே என்று கேட்டு அவனை மடக்கப் பார்த்தார். தவசி ஓடைச் சண்டையை ஆதியிலிருந்து சொன்னான். சூரிக்கத்தியைப் பெட்டியில் வைத்தது யார் என்பதையும், அதைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது யார் என்பதையும் சொன்னான். ஏன் கடைசியில் குத்தவில்லை என்று நீதிபதியே கேட்டார். அவனும் என்னை மாதிரி டி.சி. வாங்கிக்கொண்டு போகத்தான் வந்திருந்தான் என்றான். கூண்டில் நின்ற பால்ச்சாமி அவனைப் பார்க்காமல் காறித் தரையில் துப்பினார். அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

வெளியே வந்தபோது வீரணன் காத்திருந்தான். மொக்கையனை வெட்டிய அதே வீரணன். தவசியின் தோளில் கை போட்டு, நீதான் எங்க வீட்டுப் பிள்ளை, உன் மேல் எவன் கை வைக்கிறான் பார்க்கிறேன் என்றான். மாயக்காள் இருவருக்கும் நடுவில் வந்து, விரல் போன கையை அவன் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினாள்.

"இத வெட்டுனது நீதான்னு அன்னைக்கே நான் சொல்லியிருந்தா, ராஜகுரு இன்னைக்கு உசுரோட இருப்பான். எம்மகன தொடாத."

வீரணன் கையை எடுத்துக்கொண்டான்.

தீர்ப்புக்குப் பிறகு பால்ச்சாமியின் மூத்த மகன் கருத்தையா மதுரைக்கு வந்தான். பஸ் ஸ்டாண்டில் ஆரஞ்சுக் கூடைகளுக்கு நடுவில், தவசியின் வயிற்றில் கத்தியைச் செருகிவிட்டு ஓடினான். பிடிபட்டான். தவசி அவனையும் அடையாளம் காட்டினான். சின்ன வயதில் ஒரே தட்டில் சாப்பிட்டவன். கருத்தையாவுக்கு நான்கு வருஷம் ஜெயில். முதல் வருஷப் பரீட்சையைத் தவசி வயிற்றில் கட்டோடு எழுதினான். நாகர்கோவிலில் ஒரு பையனுக்கு இன்ஜினியரிங் இடம் கிடைத்துப் போக, ரசாயனத்தில் ஒரு இடம் காலியாக இருந்தது. அந்த ஜூனில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினான்.

நாகர்கோவிலில் வாடகை வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் ஓடியது. மாயக்காள் வந்த அன்று அதன் கரையில் வெகு நேரம் நின்றிருந்தாள்.

"இம்புட்டுத் தண்ணி சும்மா போகுது. இதுக்கு இங்க யாரும் வெட்டிக்கிறதில்லையா?" என்று மகனிடம் கேட்டாள்.

தவசி பட்டம் வாங்கினான். பி.எட். முடித்தான். தக்கலைப் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியராகச் சேர்ந்தான். அந்தப் பக்கத்துப் பெண்ணையே கட்டிக்கொண்டான். இடது கை விரல்கள் முழுசாக மடங்காது. கூட்டமான இடத்தில் சுவரை ஒட்டித்தான் நிற்பான். மற்றபடி எல்லா வாத்தியார்களையும் போல இருந்தான்.

1978-இல் ஒரு மத்தியானம் வாசலில் கருத்தையா வந்து நின்றான். ஜெயிலிலிருந்து வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. முகவரியை எப்படிப் பிடித்தானோ தெரியாது. தவசி கதவுக்குப் பின்னால் இருந்த இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டுதான் வெளியே வந்தான். கருத்தையா சட்டையைத் தூக்கி இடுப்பைச் சுற்றிக் காட்டினான். எதுவும் இல்லை. அப்பா ஜெயிலிலேயே நோயில் செத்துப்போனதைச் சொன்னான். தம்பி மகாலிங்கம் பி.யூ.சி. முடித்திருப்பதைச் சொன்னான். வீரணன் ஆட்கள் ராஜகுருவுக்குப் பதில் கணக்குத் தீர்க்கத் தங்கள் வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதையும் சொன்னான்.

"எனக்கு ஆனது ஆகட்டும். தம்பிய இந்தப் பக்கம் ஒரு காலேஜுல சேத்து விடு அண்ணே. ஒனக்குத்தான் இது தெரியும்."

மாயக்காள் அவன் முகத்தைப் பார்க்க மறுத்து உள்ளே போய்விட்டாள். தவசியின் மனைவி சோறு போட்டாள். அவன் சாப்பிட்டு எழும் வரை தவசி கம்பியைக் கீழே வைக்கவில்லை. தம்பி எந்தக் குரூப் எடுத்தான், என்ன மார்க் என்று கேட்டுக்கொண்டான். அடுத்த மாதம் மகாலிங்கம் நாகர்கோவிலில் சேர்ந்தான். விடுதியில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவான். அவனுக்குப் பால்ச்சாமியின் மூக்கும் நடையும் அப்படியே இருந்தன. அவன் வந்துபோன நாட்களில் மாயக்காள் சாப்பிட மாட்டாள்.

மறுவருஷம் கோடைக்கு முன்னால் தந்தி வந்தது. கருத்தையாவைத் திருச்சுழியில் வெட்டிவிட்டார்கள். தவசி விடுதிக்குப் போய் மகாலிங்கத்தை எதுவும் சொல்லாமல் வீட்டுக்குக் கூட்டி வந்தான். பின்கட்டு அறைக்குள் விட்டு, வெளியே தாழ் போட்டு, அதன் பிறகுதான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று விஷயத்தைச் சொன்னான்.

பையன் கதவை உதைத்தான். தலையால் முட்டினான். அண்ணனுக்குக் கொள்ளி வைக்க விடு என்று அழுதான். விட்டால் என்ன நடக்கும் என்று தவசிக்குத் தெரியும். கதவில் முதுகை வைத்து உட்கார்ந்துகொண்டான். தாழ் பெயர்ந்தபோது உள்ளே போய் அவனைக் கட்டிப் பிடித்தான். பையன் தலையால் அவன் வாயில் மோதினான். மண்டையில் குத்தினான். உங்கப்பன் செய்த வேலைதான் எல்லாம் என்று கத்தினான். தவசி திருப்பி அடித்தான். நெஞ்சில் முழங்காலை வைத்து அழுத்திக் கீழே போட்டான். தவசியின் மனைவி தங்கள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். மாயக்காள் ஒரு சேலையைக் கொண்டுவந்து பையனின் கால்களைக் கட்டினாள். கட்டிவிட்டு அவன் தலைமாட்டில் உட்கார்ந்து, அவன் திட்டுவதையெல்லாம் கேட்டுக்கொண்டு, நெற்றியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவனோடு அவள் முதன்முதலாகப் பேசியது அன்றுதான்.

"திட்டுடா. நல்லா திட்டு. வெளிய மட்டும் போகாத."

ஊரில் கருத்தையாவை எரித்து முடித்த பிறகுதான் அவனை அவிழ்த்துவிட்டார்கள். அவன் விடுதிக்குத் திரும்பிப் போனான். வெகு நாள் தவசியோடு பேசவில்லை. படிப்பை மட்டும் விடவில்லை.

திங்கட்கிழமை தவசி கிழிந்த உதட்டோடு பள்ளிக்கூடம் போனான். ஹெட்மாஸ்டர் என்ன ஆயிற்று என்று கேட்டார். சொந்தக்காரப் பையன் ஒருவனைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனான்.